எருக் கணக்கும் குருவிக் கணக்கும்



ஒரு தோட்டக்காரரின் கணக்கு நோட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எத்தனை வண்டி எரு வந்தது, எந்தப் பாத்தியில் என்றைக்கு எந்த விதை போட்டார், எது முளைத்தது, எது அழுகியது என்பவைதாம் அதில் இருக்கின்றன. எழுதியவர் கில்பர்ட் வைட். இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயரில், செல்போர்ன் என்ற சிற்றூரில் 1720 ஜூலை 18-ஆம் நாள் பிறந்து, 1793 ஜூன் 26-ஆம் நாள் அதே ஊரில் மறைந்தவர். 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொல்பொருள்களும்' என்ற ஒரே நூலால் உலகம் அவரை அறியும். 1788-ஆம் ஆண்டின் இறுதியில், 1789 என்று ஆண்டு அச்சிட்டு, அந்த நூல் வெளிவந்தது. அவருடைய தம்பி பெஞ்சமின் லண்டன் ஃப்ளீட் தெருவில் புத்தக வணிகராக இருந்தார்; அவரே வெளியிட்டார். அப்போது கில்பர்ட்டுக்கு வயது 68. அதன்பின் இருநூறுக்கும் மேற்பட்ட பதிப்புகளை அந்த நூல் கண்டுவிட்டது.

நூலைப் போற்றுவோர் பலர். அந்த நூலுக்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கு மேலாகச் சேர்ந்த தாள்களைப் படிப்போர் சிலரே. படித்தால் ஒன்று தெளிவாகும். இயற்கை எழுத்துக்கே முன்னோடி என்று கொண்டாடப்படும் அந்த நூலின் வேர் அவருடைய காய்கறித் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டவேலை கற்றுக்கொடுத்த பழக்கத்தைக் கொண்டே அவர் குருவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் மண்புழுவையும் பார்த்தார். இதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

வாழ்க்கை வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். வெளி நிகழ்ச்சிகள் மிகக் குறைந்த வாழ்க்கை அது. பாட்டனார் செல்போர்ன் தேவாலயத்தின் குருவானவர். அவர் பெயரும் கில்பர்ட் வைட்தான். பேரன் ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் படித்து 1743-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கல்லூரியின் ஆய்வுநல்கை உறுப்பினரானார். இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. செல்போர்னின் குருவானவரை நியமிக்கும் உரிமை மாக்டலன் கல்லூரியிடம் இருந்தது. ஓரியல்காரருக்கு அந்த இடம் கிடைக்க வழியில்லை. ஆகவே சொந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உதவிக் குருவாகவே காலம் கழித்தார். 'வேக்ஸ்' என்ற குடும்ப வீடு 1763-இல் அவருக்கு உரிமையாயிற்று. வீட்டுக்குப் பின்னால் சுண்ணக்கல் குன்று. அதன் சரிவு முழுக்கப் பீச் மரக் காடு. ஊரார் அதை 'ஹேங்கர்' என்பார்கள். 1753-இல் கில்பர்ட்டும் அவருடைய தம்பி ஜானும் அந்தச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒன்றை வெட்டினார்கள். இன்றும் மக்கள் அதில்தான் ஏறுகிறார்கள்.

நம் தென்மாவட்டத்துத் திருச்சபையார் சேகரம் என்று சொல்வார்களே, அத்தகைய ஓர் ஊர்ச் சேகரம்தான் அவருடைய உலகம். 1783-இல் அவரே எண்ணி எழுதியிருக்கிறார்: 136 குடும்பங்கள், 676 பேர். ஊரின் மனிதர்களையும் இப்படி எண்ணி வைத்தவர் அவர்.

இனி நோட்டுக்கு வருகிறேன். 1751 ஜனவரியில் கடிதத் தாள்களில் அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகள் 'தோட்ட நாட்குறிப்பு' என்ற பெயரில் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய இருபது ஆண்டு எழுதினார். அவர் அதைத் தொடங்கியபோது இங்கே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைப் பதினைந்தாம் ஆண்டாக எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் கப்பலையும் துரைமாரையும் எழுதினார். மற்றவர் அவரை விதையையும் வெள்ளரியையும் எழுதினார். இருவருமே அச்சேறும் என்று நினைத்து எழுதவில்லை. அதனால்தான் இரண்டையும் நம்ப முடிகிறது.

அந்தத் தோட்ட நோட்டில் மிகுதியாக இடம்பெறுவது முலாம்பழம். நமக்கு இது வியப்பாக இருக்கும். கோடையில் ஆற்று மணலில் விதையைப் போட்டால் காய்க்கிற கொடி நமக்கு. இங்கிலாந்தின் குளிரில் அது ஒரு தவம். அவர்கள் கையாண்ட முறை இது: குதிரை லாயத்திலிருந்து ஈரம் காயாத சாணத்தை வைக்கோலோடு வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். அது புளித்து உள்ளே சூடேறும். முதல் சூடு அடங்கும்வரை காத்திருந்து, மேலே மண் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தால் மூடி, அதில் விதையை ஊன்றுவார்கள். சூடு குறைந்தால் விதை அழுகும். கூடினால் நாற்று வெந்துபோகும். இரவில் பனி கடுமையாக இருந்தால் பாய் போட்டு மூட வேண்டும். பகலில் வெயில் அடித்தால் சட்டத்தைச் சற்றே தூக்கி ஆவியை வெளியே விட வேண்டும். கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும்.

இதைச் செய்பவருக்கு இரண்டு பழக்கம் தானாக வந்துவிடுகிறது. ஒன்று, நாளைக் குறிப்பது. சென்ற ஆண்டு என்றைக்குப் பாத்தி போட்டோம், என்றைக்குச் சூடு மிஞ்சியது என்று தெரியாவிட்டால் இந்த ஆண்டும் நாற்று வேகும். மற்றது, தோல்வியை எழுதுவது. நூல் எழுதுகிறவர் தோல்வியை மறைத்தாலும் மறைக்கலாம். அடுத்த ஆண்டு தானே படிக்கப்போகிற கணக்கில் பொய் எழுத முடியாது. அவர் நோட்டில் வெந்துபோன நாற்றுகளும், பனியில் கருகிய பாத்திகளும், முளைக்காத விதைகளும் கூச்சமில்லாமல் வருகின்றன. பழுத்த மகிழ்ச்சியும் வருகிறது. 1758 செப்டம்பரில், குன்றின் மேல் தாம் அமைத்த ஓலைக்குடிலில், மூன்று முலாம்பழங்களை 14 பேருக்கு அறுத்துப் பகிர்ந்து விருந்து வைத்ததை எழுதியிருக்கிறார். மூன்று பழம், பதினாலு பேர்! எத்தனை வண்டிச் சாணத்தின் பயன் அந்த மூன்று பழம் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த விருந்தின் பெருமை புரியும்.

இந்த நோட்டைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1752 செப்டம்பரில் இங்கிலாந்து நாள்காட்டியை மாற்றியது. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. 11 நாள் காணாமற்போனது. கில்பர்ட்டின் குறிப்புகள் அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் ஓடுகின்றன. 1751 ஏப்ரலில் பூத்ததையும் 1761 ஏப்ரலில் பூத்ததையும் ஒப்பிடுகிறவர் முன்னதோடு 11 நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பூப்புக் காலத்தை ஆராய்கிற மாணவர்கள் பழைய தாளைத் தொடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நாள்காட்டி என்பதுதான்.

தோட்டச் சுவருக்குள் இருந்த இந்தப் பழக்கம் மெல்ல வேலிக்கு வெளியே நடக்கத் தொடங்கியது. 1766-இல் செல்போர்னில் காட்டுச் செடிகள் எந்த நாளில் துளிர்க்கின்றன, எந்த நாளில் பூக்கின்றன என்று ஓர் ஆண்டு முழுதும் தனியாக எழுதினார். அடுத்த ஆண்டு, விலங்கியல் நூல்கள் எழுதிக்கொண்டிருந்த தாமஸ் பென்னன்ட்டோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பிறகு டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற வழக்கறிஞர் நண்பரானார். இந்தப் பாரிங்டன் ஒரு படிவம் வகுத்து அச்சிட்டிருந்தார். ஊர், நாள், வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழை அளவு, முதலில் இலைவிட்ட மரம், பூத்த செடி, வந்த பறவை, மறைந்த பறவை, கடைசியில் மற்றவை என்று கட்டங்கள். 1768 முதல் கில்பர்ட் அந்தக் கட்டங்களை நிரப்பத் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு நிரப்பினார். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை எழுதியிருக்கிறார்.

படிவம் கொடுத்தவர் பாரிங்டன். நிரப்பும் கையைப் பழக்கியது தோட்டம். பதினேழு ஆண்டு எருக் கணக்கு எழுதிய கை அது. இல்லாவிட்டால் அந்தக் கட்டங்கள் இரண்டாம் மாதமே வெறுமையாகி இருக்கும். நம்மில் எத்தனை பேர் ஜனவரியில் நாட்குறிப்பைத் தொடங்குகிறோம்!

நாளைக் குறிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சான்று. இங்கிலாந்தின் கோடையில் மரக்கிளைகளில் சிறு கதிர்க்குருவிகள் திரியும். இங்கே நம் ஊர்களில் குளிர்காலத்தில் வரும் இலைக்கதிர்க்குருவிகளுக்கு அவை உறவு. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். கையில் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றுபோலவே தெரியும். அறிஞர்களும் குழம்பிய கூட்டம் அது. 1768-இல் கில்பர்ட் அவை மூன்று தனி இனங்கள் என்று பிரித்துக் காட்டினார். பாட்டைக் கேட்டே முதலில் பிரித்தார். ஒன்று இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்; அது மற்றவற்றுக்கு முன்பே வந்துவிடும். இன்னொன்று இறங்கி வரும் இனிய பாட்டு. மூன்றாவது உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் சிறகை உதறிக்கொண்டு சிலிர்க்கும். காதும் நாள்காட்டியும் சொன்ன பிறகு உடலைப் பார்த்து உறுதி செய்தார். கதிர்த் தாள்களின் நடுவே பந்துபோலக் கூடு கட்டும் சின்னஞ்சிறு எலியை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவரும் அவரே. அதன் எடையை எப்படிச் சொல்கிறார் தெரியுமா? இரண்டு எலிகளைத் தராசில் வைத்தால் ஒரு செப்பு அரைப்பென்னிக் காசுக்குச் சமம் என்கிறார். தோட்டத்துத் தராசும் பையிலிருந்த காசும் அவருக்கு ஆய்வுக்கூடம்.

அவருடைய கண் தோட்டக்காரரின் கண் என்பதற்கு மண்புழுவைவிடச் சிறந்த சான்று இல்லை. 1777 மே மாதத்தில் பாரிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் மண்புழுவின் பணியை விளக்குகிறார். மண்ணைத் துளைத்துப் பொலபொலவென்று ஆக்குகிறது. மழையும் வேரும் உள்ளே இறங்க வழி செய்கிறது. இலையையும் துரும்பையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே தள்ளும் குழைமண் பயிருக்கு நல்ல எரு. மண்புழு இல்லாமற்போனால் பூமி இறுகிக் குளிர்ந்து மலடாகிவிடும் என்று முடிக்கிறார். அன்றைய தோட்டக்காரர்கள் புழுவைப் பகையாகக் கருதினார்கள்; நடைபாதைகளை அசிங்கப்படுத்துகிறது என்பது அவர்கள் குறை. கில்பர்ட் அந்தக் குறையை மறைக்காமல் எழுதிவிட்டு, அதற்கு மறுப்பும் எழுதுகிறார். யாராவது இதை நன்றாக ஆராய்ந்து ஒரு தனி நூல் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார். நூற்று நான்கு ஆண்டு கழித்து, 1881-இல், சார்லஸ் டார்வின் தம் கடைசி நூலை மண்புழுவைப் பற்றி எழுதினார். சிறுவயதில் கில்பர்ட்டின் நூலைப் படித்துப் பறவை பார்க்கத் தொடங்கியதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் டார்வினே சொல்கிறார்.

பிள்ளைப்பூச்சியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வாய்க்கால் ஓரப் பாத்திகளில் அது புகுந்தால் வரிசையாகச் செடிகள் வாடுவதை அறிந்தவர் அதன் கூட்டை மட்டும் அலுப்பில்லாமல் வியந்து விவரிக்கிறார். தோட்டத்துக்கு அழிவு செய்யும் உயிரை அப்படிப் பார்க்க ஒரு மனம் வேண்டும்.

ஏழைகளின் விளக்கைப் பற்றிய கடிதம் ஒன்று உண்டு. நூலிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஈரநிலத்தில் விளையும் கோரை போன்ற ஒரு தாவரத்தின் தண்டை உரித்து, உள்ளே இருக்கும் வெண்சோற்றைப் பன்றிக் கொழுப்பில் தோய்த்து எடுத்தால் விளக்காகும். மெழுகுவர்த்தி வாங்க முடியாத வீடுகளுக்கு அதுவே வெளிச்சம். கில்பர்ட் ஒரு தண்டை ஏற்றிக் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டடி நாலரை அங்குல நீளத் தண்டு 57 நிமிடம் எரிந்தது. ஒரு பவுண்டு எடையில் 1,600 தண்டு நிற்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். கணக்குப் போட்டு, ஒரு ஃபார்த்திங் காசுக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம் கிடைக்கும் என்கிறார். ஃபார்த்திங் என்றால் ஒரு பென்னியில் கால் பங்கு. கூலிக்காரர் வீட்டு அம்மாவின் மாலைப் பொழுதை இவ்வளவு மரியாதையோடு அளந்து எழுதிய அறிவியல் எழுத்து அந்த நூற்றாண்டில் வேறு இருந்தால் எனக்குக் காட்டுங்கள். உருளைக்கிழங்கு பயிரிட ஊரில் பரிசுப் பணம் கொடுத்து ஊக்கியதையும், இருபது ஆண்டுக்குள் ஏழைகள் அதை விரும்பி உண்ணத் தொடங்கியதையும் வேறொரு கடிதத்தில் சொல்கிறார்.

வானிலைப் பக்கங்களுக்கு வருவோம். 1783-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பா முழுவதும் ஒரு விசித்திரப் புகைமூட்டம் கவிந்தது. ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை அது இருந்ததாகக் கில்பர்ட் எழுதுகிறார். நண்பகல் சூரியன் மேகம் மூடிய நிலவுபோல் வெளிறிக் கிடந்தது. உதிக்கும்போதும் மறையும்போதும் இரத்தச் சிவப்பு. வெட்டிய இறைச்சி மறுநாளைக்குத் தாங்கவில்லை. ஈக்கள் மொய்த்துக் குதிரைகள் வெறிகொண்டன. ஊரார் அஞ்சினார்கள். ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு ஜூன் 8-ஆம் நாள் வெடித்ததே காரணம் என்பதை அவர் அறியவில்லை. காரணம் தெரியாமலே நாளையும் நிறத்தையும் சரியாகக் குறித்து வைத்தார். இன்று எரிமலை ஆய்வாளர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் கடும்பனி. செல்போர்னில் வெப்பமானி ஃபாரன்ஹீட் பூச்சியத்துக்கும் ஒரு டிகிரி கீழே இறங்கியது. குன்றின் மேல், இருநூறு அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த நியூட்டன் என்ற ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. வெப்பநிலை பத்து டிகிரிக்கும் மேல் கூடுதலாக இருந்தது. உயரத்தில்தான் குளிர் அதிகம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கருவி பழுதோ என்று ஐயுற்றுக் கருவியை மாற்றிப் பார்த்தார், அப்போதும் அதேதான். தம் தோட்டத்துப் பசுமரங்கள் கருகியதையும், மேலே நியூட்டனில் அவை இலை உதிராமல் நின்றதையும் பார்த்து உறுதி செய்துகொண்டார். அமைதியான இரவில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்பதை இன்று தோட்டக்கலை மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். அவருக்கு அதைச் சொன்னது செடி.

குறையையும் சொல்ல வேண்டும். தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அவரை வாழ்நாள் முழுதும் வாட்டிய கேள்வி. அவை கடல் கடந்து போகின்றனவா, அல்லது புதர்களிலும் குளக்கரைகளிலும் உறங்கிக் கிடக்கின்றனவா? தம்பி ஜான் ஜிப்ரால்டரில் குருவாக இருந்தார். குருவிகள் கூட்டங்கூட்டமாக நீரிணையைக் கடப்பதைக் கண்ணால் பார்த்து எழுதினார். கில்பர்ட் அதை ஏற்றார். ஆனாலும் சில குருவிகளாவது இங்கேயே உறங்குகின்றன என்ற எண்ணத்தை விடவில்லை. ஆள் வைத்துக் குன்றின் புதர்களைக் கிளறச் சொன்னார். ஒரு குருவியும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் எழுதினார். தவறான எண்ணத்தின் மீது வைத்த பற்றையும், அதற்கு எதிரான சான்றையும் ஒரே கையால் எழுதி வைத்தவர் என்பதால் அவர் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது.

அந்தப் பிடிவாதத்துக்குத் தோட்டத்தில் ஒரு காரணமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய அத்தை ரெபேக்கா ஸ்நூக் சசெக்ஸில் ஓர் ஆமையை நெடுங்காலம் வளர்த்தார். டிமோத்தி என்று பெயர். அத்தை இறந்ததும், 1780 மார்ச்சில், மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆமையைத் தோண்டி எடுத்து, எண்பது மைல் வண்டியில் ஏற்றிச் செல்போர்ன் கொண்டுவந்தார். அதன்பின் அது அவர் தோட்டத்தின் குடியாயிற்று. நவம்பரில் மண்ணுக்குள் இறங்கி ஏப்ரலில் எழும். அதை எடைபோட்டார், மழைக்கு அது அஞ்சி ஒதுங்குவதைக் கவனித்தார், ஒலிபெருக்கும் குழல் வைத்து அதனிடம் கத்தியும் பார்த்தார். 1784 மே மாதத்தில் வேலி தாண்டி ஓடிப்போய் எட்டு நாள் கழித்துக் கிடைத்தது. கண்முன்னே ஓர் உயிர் ஆண்டுதோறும் மண்ணில் உறங்கி எழுவதைப் பார்த்தவருக்குக் குருவியும் அப்படி உறங்கக்கூடும் என்று தோன்றியதில் வியப்பில்லை. கில்பர்ட் மறைந்த மறு ஆண்டு டிமோத்தியும் இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பெண் ஆமை என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி தாள்களின் கதை. நூலில் பென்னன்ட்டுக்கு 44 கடிதம், பாரிங்டனுக்கு 66 கடிதம் என்று இருக்கிறது. எல்லாம் அஞ்சலில் போன கடிதங்கள் என்றே வாசகர் நம்புவார். தாள்களைப் பார்த்தவர்கள் சொல்வது வேறு: முதல் ஒன்பது கடிதங்கள் எவருக்கும் அனுப்பப்படவே இல்லை. ஊரையும் மண்ணையும் அறிமுகம் செய்ய நூலுக்கென்றே எழுதிச் சேர்த்தவை. பல கடிதங்களின் நாளும் வாசகமும் திருத்தப்பட்டன. இதில் குற்றம் காண நான் தயாராக இல்லை. நூலுக்கு ஒரு வாசல் வேண்டும், கட்டினார். ஆனால் ஓர் ஆராய்ச்சியாளர் நாளை நம்ப வேண்டுமானால் நூலை விட்டு நாட்குறிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜான் மல்சோ என்ற ஆக்ஸ்ஃபோர்டுத் தோழர் அவருக்கு நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கடிதம் எழுதினார். நூலை வெளியிடுங்கள், வெளியிடுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தியவர் அவர். மல்சோவின் கடிதங்களைக் கில்பர்ட் பாதுகாத்தார். 1907-இல் அவை அச்சாயின. கில்பர்ட் மல்சோவுக்கு எழுதிய கடிதங்கள் இன்று இல்லை. ஒரு நட்பின் ஒரு பக்கக் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது. மல்சோ கேலி செய்கிறார், எதற்கென்று தெரியவில்லை. ஆறுதல் சொல்கிறார், என்ன துயரம் என்று தெரியவில்லை. திருமணம் செய்யாமல் வாழ்ந்த அந்த மனிதரின் உள்ளத்தை அறிய வாய்ப்பிருந்த ஒரே கட்டு அது, அது போய்விட்டது.

அவருக்கு முறையான ஓவியம் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலக் கவிஞர் போப் மொழிபெயர்த்த 'இலியட்' நூலின் அவருடைய சொந்தப் பிரதியில், பேனாவால் கிறுக்கிய இரண்டு சிறு உருவங்கள் மட்டுமே அவர் முகம். அவருடைய முகத்தைவிட அவருடைய வெள்ளரிப் பாத்தியை நாம் நன்றாக அறிவோம்.

தாள்கள் எப்படி வெளிவந்தன? 1795-இல் ஜான் எய்கின் என்ற மருத்துவர் நாட்குறிப்புகளிலிருந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1901-இல் குடும்பத்தின் வழிவந்த ராஷ்லி ஹோல்ட்-வைட் வாழ்க்கையையும் கடிதங்களையும் இரண்டு தொகுதிகளாகத் தந்தார். 1931-இல் வால்டர் ஜான்சன் நாட்குறிப்புகளிலிருந்து பெரும் பகுதியைப் பதிப்பித்தார். 1980-களில் ஃபிரான்செஸ்கா கிரீனோக் முழுமையாகப் பதிப்பித்தார். எழுதியவர் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டு ஆயிற்று, குறிப்புகள் முழுமையாக அச்சேற! நூலின் கையெழுத்துப்படி அவர் வாழ்ந்த அதே வீட்டில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் வேக்ஸில், பாதுகாக்கப்படுகிறது.

தாள்களில் மட்டும் வருகிற ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். தாமஸ் ஹோர். கில்பர்ட்டின் வேலைக்காரர், தோட்டக்காரர், குதிரை பார்ப்பவர், எல்லாம் அவரே. எருவைப் புரட்டிய கை அவருடையது. எசமான் ஊரில் இல்லாத நாள்களில் தோட்டத்தையும் மழைமானியையும் பார்த்துக்கொண்டவர் அவர். நூலின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. நாட்குறிப்பில் தாமஸ் வந்துகொண்டே இருக்கிறார்: தாமஸ் பார்த்தார், தாமஸ் சொன்னார், தாமஸ் அறுத்தார். எழுதாதவர்களின் உழைப்பும் பார்வையும் பதிவாகிற இடம் இத்தகைய நோட்டுகள்தாம். நூல்கள் அந்தப் பெயர்களை உதிர்த்துவிடுகின்றன.

நண்பர்களே, எங்கள் பாட்டனார் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். முப்பது ஆண்டுக்கு மேல் நோட்டு எழுதினார். அகத்தி நட்ட நாள், கொடி படர்ந்த நாள், கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், எந்த நாளில் எந்தத் திசைக் காற்று, கூலி எவ்வளவு, கிள்ளிய கவுளி எத்தனை. அவர் மறைந்தபின் வீட்டை இடித்துக் கட்டும்போது அந்த நோட்டுகளைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டோம். நான் அப்போது கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். எடை போடும்போது பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் ஊரில் இன்று கொடிக்கால் இல்லை. அந்தக் கிணறும் தூர்ந்துவிட்டது. அந்த முப்பது ஆண்டுத் தண்ணீர்க் கணக்கை இனி எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. கில்பர்ட் வைட்டைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தராசு என் கண்முன் வருகிறது.

ஆகவே இங்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ விதைப்புக் கணக்கு, மழைக் கணக்கு, தோப்புக் குத்தகை நோட்டு, பண்ணைக் கூலிப் பட்டியல், ஆசிரியராக இருந்த தாத்தாவின் செடிக் குறிப்பு எது இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை. தமிழ் மாதமும் தேதியும் போட்டிருந்தால் அதை அப்படியே விட்டு வையுங்கள். ஆங்கிலத் தேதிக்கு மாற்றி எழுதி மூலத்தைத் தூக்கி எறிய வேண்டாம். எழுதியவர் பெயர், ஊர் பெயர், நிலத்தின் பெயர் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி நோட்டுக்குள் வைத்து, இந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தாலும் போதும்.

அதற்கென்று ஓர் இரும்பு அலமாரியை ஒதுக்கித் தர நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் பாட்டனார் நோட்டுகளில் அன்று தராசுக்குத் தப்பியவை இரண்டு. அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்ததால் தப்பின. இன்று காலை இங்கே வரும் வழியில் அவற்றை அந்த அலமாரியின் முதல் தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.